அப்பாவுக்குப் பேச்சு வந்தது

அவளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நடை வருவதற்கு முன்னால் பேச்சு வந்துவிட்ட பிள்ளை அவள். குளிப்பாட்டினால் ஏன் என்று கேட்பாள், தூங்கச் சொன்னால் எதற்கு என்று கேட்பாள், பதில் சொன்னால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்பாள். அப்பாதான் முதலில் 'வாயாடி' என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்பா அவர்கள் கூட்டத்தின் மன்றத்தில் ஓதுகிறவர். அந்தக் கூட்டத்துக்கு வேதம் ஒன்று இருந்தது. 'நூல்' என்றுதான் சொல்வார்கள், உலகத்தில் வேறு நூலே எழுதப்படவில்லை என்கிற மாதிரி. அது முழுவதும் அப்பாவுக்கு மனப்பாடம். எந்த இடத்தைக் கேட்டாலும் அங்கிருந்து பிடித்துக் கடைசிவரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டு போவார். வாய் தவறாதவர் என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் நாலைந்து தெரு, ஒரு மன்றம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தையல் கூடம். அதற்குள் இருப்பவர்கள் உள்ளாட்கள், மற்ற எல்லாரும் வெளியாட்கள். வெளியாளோடு பழகினால் பாலில் மோர் விழுந்த கதைதான் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியோ கிடையாது, பத்திரிகை கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க வந்ததும் பள்ளிக்கூடம் முடிந்தது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் வாயாடியைத் தையல் கூடத்தில் சேர்த்தார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கேதான் சீருடை தைப்பார்கள். அவளுக்கும், அவள் சேக்காளி நெட்டைக்கும் பித்தான் தைக்கிற வேலை. தைத்து முடித்ததை மூட்டை கட்டி வேனில் ஏற்றிப் போய் ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில்தான் வாயாடி ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதைப் பார்த்தாள். இரண்டு நீளக் கம்பிகளுக்கு நடுவே ஒரு வயதான அம்மா நிற்கப் பார்க்கிறாள். கால் நடுங்குகிறது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அந்த அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொல்கிறாள். அந்த அம்மா ஒரு எட்டு எடுத்து வைத்ததும் நீலச் சட்டைக்காரி, தன் பிள்ளையே நடந்துவிட்ட மாதிரி, சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அந்த வாரம் மன்றத்தில் கூட்டம் முடிந்து, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று மூத்தவர் கேட்டார். அது வழக்கமாகக் கேட்கிற கேள்வி. யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் வழக்கம்தான். வாயாடி எழுந்து நின்றாள்.

"வெளியாள் மனசுல நன்மை கிடையாதுன்னு நூல் சொல்லுது. ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு, யாரு பெத்ததோ எவரு வளத்ததோ, ஒரு பாட்டியம்மாவைத் தாங்கிப் பிடிச்சு நடக்க வெக்கிறா. அது நன்மை இல்லேன்னா அதுக்கு என்னங்க பேரு?"

மூத்தவர் கோபப்படவில்லை. புன்னகையோடு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு ஒரு வருஷம் வாய்க்கட்டு என்று தீர்ப்பாயிற்று. அவள் யாரோடும் பேசக் கூடாது, யாரும் அவளோடு பேசக் கூடாது. தையல் கூடத்தில் கத்தரிக்கோல் வேண்டுமென்றால் கையை நீட்ட வேண்டும். வீட்டிலும் அதே சட்டம். அப்பா அதை ஒரு நாள்கூட மீறவில்லை. எதிரே வந்தால் நாற்காலியைச் சுற்றிப் போகிற மாதிரி அவளைச் சுற்றிப் போனார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளோடு பேசத்தானே தடை, பாத்திரத்தோடு பேச யார் தடுத்தது?

"ஏ செம்பு, காலைலேருந்து வெறும் வயித்தோட இருக்கியே, மூடி வெச்சிருக்கறதை எடுத்துத் தின்னுக்கக் கூடாதா?" என்பாள், செம்பைப் பார்த்து. வாயாடி போய் மூடியைத் திறந்து தின்பாள்.

வருஷம் முடியவில்லை, அவளுக்குத் தன் குரலே மறந்துவிடும் போலிருந்தது. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் மூட்டையை இறக்கிவிட்டு, வேனுக்குத் திரும்பாமல் எதிர்த்திசையில் நடந்தாள். நெட்டை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எங்கடீ போற?"

வாயாடி பல மாதம் கழித்து வாயைத் திறந்தாள். "தெரியல."

"நல்லா இருக்குடீ உன் கதை. இரு, நானும் வர்றேன்."

இப்படித்தான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பெரிய திட்டம், ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. விட்டுப் போகிறவர்களைக் கூட்டம் செத்தவர்களாகத்தான் எண்ணும். மன்றத்தில் அவர்கள் உட்கார்ந்த பாயைச் சுருட்டி எடுத்தார்கள். இரண்டு வீட்டிலும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். துக்க வீடுதான், ஆனால் அழக் கூடாது. பெற்ற தாயும் கண்ணை ஈரமாக்காமல் உட்கார வேண்டும், அதுதான் முறை.

ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த நர்ஸம்மா இரக்கப்பட்டுத் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தாள். டயர் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. ரப்பர் வாடை தலைமுடிவரை ஏறும். வெளி உலகம் அவர்களுக்குப் பிடிபடவே நாளாயிற்று. யாராவது 'எந்தப் பாட்டு பிடிக்கும்' என்று கேட்டால் நெட்டை முழிப்பாள். கடைக்காரர் மீதி கொடுத்துவிட்டுச் சிரித்தால் இவன் ஏன் சிரிக்கிறான் என்று வீடு வந்து சேரும்வரை கவலைப்படுவாள். இடி இடித்தால் போர்வைக்குள் சுருண்டு, "நமக்குத்தான்டீ, நம்மளத் தேடித்தான்" என்பாள். வாயாடி அவளைக் கேலி செய்வாள். ஆனால் மன்றத்தில் தொழுகிற வேளை வந்தால் அவள் முழங்காலும் தானாக மடங்கப் பார்க்கும். நம்பிக்கை போய்விட்டது, உடம்பு மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

காலம் போகப் போக வாயாடிக்கு நீலச் சட்டை கிடைத்தது. கை கால் விளங்காமல் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கூடத்தில் உதவியாள் வேலை. அந்த வேலைக்கு அவள் வாய் பெரிய சொத்து. வலியில் முனகுகிறவரிடம் எதையாவது பேசிப் பேசி, அவர் பதில் சொல்கிற சாக்கில் காலை இன்னும் கொஞ்சம் நீட்ட வைத்துவிடுவாள். நோயாளிகள் அவளைத் தேடுவார்கள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள் என்று சொல்லலாம்.

ஒரு நாள் காலையில் நர்ஸம்மா சொன்னாள்: "புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. கடைத்தெருவுல விழுந்து கெடந்தவரை யாரோ தூக்கிட்டு வந்து சேத்திருக்காங்க. மூளையில ரத்தக் குழாய் அடைப்பு. வலது பக்கம் வரல, பேச்சும் இல்ல. சம்சாரம் தேடிக்கிட்டு வந்துட்டாங்க. போய்ப் பாரு."

வாயாடி திரையை விலக்கினாள். கட்டிலில் அப்பா கிடந்தார்.

வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அம்மா. அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று எழும்பி, எழும்பின வேகத்திலேயே அடங்கிற்று. பார்வையைத் தண்ணீர் ஜாடியின் மேல் திருப்பிக்கொண்டாள்.

வாயாடி திரும்பிப் போய்விடத்தான் நினைத்தாள். அப்போது அப்பா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். இழுத்த வாய் மெல்ல அசைந்தது. இடது கையைத் தூக்கினார். தூக்கி, அவள் கன்னத்தைத் தொடுவதற்கு நீட்டினார்.

பேச்சு இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பேச்சு டாக்டரம்மா பிறகு விளக்கினாள். பேச்சு மட்டுமல்ல, ஞாபகத்திலும் ஒரு பகுதி அழிந்திருக்கிறது, கடைசிச் சில வருஷங்கள் அவருக்குள் இல்லை. "உங்களை சின்னப் பொண்ணுன்னு நெனச்சிட்டிருக்காரு போல. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றாள்.

அப்பாவுக்கு அவள் செத்தது மறந்துபோயிருந்தது.

மன்றத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஓதுகிறவரின் குரல் வேண்டும், அதனால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் வருகிற நேரம் வாயாடி வேறு வார்டுக்குப் போய்விடுவாள். அவர்கள் போனபின் அவள் திரையோரம் எட்டிப் பார்த்தால், அம்மா ஜாடியைப் பார்த்துச் சொல்வாள்: "ஜாடியம்மா, இனிமே இன்னிக்கி யாரும் வரமாட்டாங்க." வாயாடி வந்து அப்பாவின் காலை மடக்கி நீட்டத் தொடங்குவாள்.

அம்மா ஜாடியிடமே எல்லாவற்றையும் சொன்னாள். இவருக்கு முதுகு வலிக்கிறது என்று சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததைச் சொன்னாள். ஒரு நாள், "ஜாடி ரொம்ப எளச்சுப் போச்சு. கழுத்தெலும்பு தெரியுது. பாக்க முடியல" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாயாடி ஜாடியை எடுத்துத் தண்ணீர் நிரப்பி வைத்தாள்.

அப்பாவின் முதல் சொல் ஒரு வாரம் கழித்து வந்தது. அவள் அவர் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்...ட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். வாய்க்கட்டு வருஷத்தில் அவள் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான்.

பேச்சு டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மனப்பாடமாகத் தெரிந்தது, பாட்டு, எண் வரிசை, இதெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் வரும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றப் பேச்சும் வரும் என்றாள். "இவருக்கு எதாவது மனப்பாடமாத் தெரியுமா?"

அம்மா ஜாடியைப் பார்த்தாள். வாயாடி, "தெரியும்" என்றாள்.

நூலை அவள் வாய் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஓதி ஓதிக் கேட்டு வளர்ந்தவள், அதனால் அவளுக்கும் பாதிக்கு மேல் தெரியும். முதல் வரியை மெதுவாகச் சொன்னாள்: "ஆதியில் வெளிச்சம் தனியாக இருந்தது." அப்பாவின் உதடு கூடவே அசைந்தது. இரண்டாம் வரியில் சத்தம் வந்தது. மூன்றாம் வரியில் அவர் அவளை முந்திக்கொண்டார். பேச்சு டாக்டரம்மா கைதட்டினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகிறாளே என்று கண்டிக்க அங்கே யாரும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஓதினார்கள். அப்பா கம்பிகளுக்கு நடுவே நிற்பார், அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், ஒரு வரிக்கு ஒரு எட்டு. நடுநடுவே அவருக்குச் சொந்தப் பேச்சும் வந்தது. "வாயாடி, பிடியை விடாதே." "வாயாடி, உங்கம்மா எங்கே?" "என்னடா வாயாடி, இப்பல்லாம் கேள்வியே கேக்க மாட்டேங்கிற?" அவள் சிரித்தாள். கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்க முடியாது.

மாடி அறையில் நெட்டை சண்டை பிடித்தாள்.

"உனக்குக் கிறுக்காடீ? அவரு தேறத் தேற ஒண்ணொண்ணா ஞாபகம் வரும். நீ போனதும் வரும். அப்புறம் உனக்கு என்ன மிச்சம்? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே!"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? பேசாமக் கெடக்கட்டும்னு விடவா?"

"விடு. யாருக்குத் தெரியும்? ரெண்டு நாளைக்கு ஒரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு."

வாயாடிக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஒரு நாள் வயிற்று வலி என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகாமல் இருந்தாள். மறுநாள் போனபோது அப்பா கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்திருக்கப் பார்த்து விழுந்திருந்தார். முழங்கையில் கட்டு. "நீ வரலியே" என்றார், சின்னப் பிள்ளை புகார் சொல்கிற மாதிரி. பிறகு அவள் லீவு போடவில்லை.

நூலில் ஒரு அத்தியாயம் உண்டு. விட்டுப் போகிறவர்களைப் பற்றியது. வாயாடி தந்திரமாக அதற்கு முந்தின அத்தியாயத்தோடு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அப்பாவும் கூடவே வந்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தினாள். ஆனால் அப்பா அன்றைக்கு நல்ல தெம்பில் இருந்தார். கம்பியை விட்டுவிட்டு அவள் தோளை மட்டும் பிடித்து நடந்துகொண்டிருந்தார். வாய் தவறாதவருக்கு வரிசை தவறுமா? அவள் நிறுத்தின இடத்தில் அவர் நிற்கவில்லை.

"விட்டுப் போனவனுக்குப் பெயர் இல்லை. அவன் உட்கார்ந்த பாய் சுருட்டப்படும். பெற்றவர் அவனுக்காக..."

கால் நின்றுவிட்டது. சொல்லும் நின்றுவிட்டது.

"போதும்ப்பா, உக்காருங்க" என்றாள் வாயாடி.

அவர் அவளைப் பார்த்தார். நீலச் சட்டையைப் பார்த்தார். முடியைப் பார்த்தார், வெளிப்பெண்கள் மாதிரி வெட்டின முடி. பிறகு நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வாயாடியின் தோளில் இருந்த கை, தணலைத் தொட்டுவிட்ட மாதிரி விலகியது. பிடிமானம் போய் அவர் சாயப் பார்த்தார். அவள் தாங்கினாள். தாங்கின கையை அவர் விலக்கினார். விழுந்தாலும் விழுவேன் என்கிற மாதிரி, இரண்டு எட்டு தானே எடுத்து வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதுதான் அவர் யார் துணையும் இல்லாமல் நடந்த முதல் நடை.

"வேற ஆள் வரச் சொல்லு" என்றார். தெளிவாக, ஒரு எழுத்துக் குழறாமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா" என்றாள் அவள். "அப்பா, ஒரே ஒரு வார்த்தை."

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போக வழி பார்த்தார்.

மேலதிகாரி மேடம் விவரம் கேட்டுவிட்டு வேறு ஒரு பையனை அனுப்பினாள். அப்பா மளமளவென்று தேறினார். வீட்டுக்குப் போகிற நாளில் வாயாடி வராந்தாவின் கோடியில் நின்றாள். அப்பா தடியை ஊன்றி நடந்து போனார். பின்னால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அம்மா கையில் ஜாடியும் இல்லை, செம்பும் இல்லை. பேச ஒன்றும் கிடைக்காமல் வாசல்வரை சுவரையே பார்த்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் வாயாடி தையல் கூடத்து வேன் ஓட்டுகிற அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவர் அவளோடு பேசக் கூடாது. மூட்டையை இறக்கும்போது பின்பக்கம் திரும்பி, கதவோடு பேசுகிறவர் போலச் சொல்லிவிட்டுப் போவார்.

அப்பா மன்றத்தில் மறுபடி ஓதத் தொடங்கினார். ஓதுவதற்கு முன்னால் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் தானாகவே சொல்லிவிட்டார். யார் தன்னை நடக்க வைத்தது, யார் வாயிலிருந்து நூலைத் திரும்ப வாங்கினார், தன் மனைவி எப்படி அதற்கு இடம் கொடுத்தாள், எல்லாம். அவரை யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். மூத்தவர் அவர் நேர்மையைப் புகழ்ந்தார். அம்மாவுக்கு ஒரு வருஷம் வாய்க்கட்டு விதித்தார்.

அந்த மழைக்காலத்தில் நெட்டையும் திரும்பிப் போய்விட்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. துணியை மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "என்னால பயந்துக்கிட்டே இருக்க முடியலடீ" என்றாள்.

"அங்க போனா மட்டும் பயம் போயிடுமா?"

"போகாது. ஆனா அங்க எல்லாருமா சேந்து பயப்படுவோம்ல."

படி இறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாயாடி ஜன்னலில் நின்று, டயர் கடைக்காரர் அவளுக்கு வழி விடுவதையும் அவள் தெருக்கோடியில் தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொள்வதையும் பார்த்தாள். அறை ஒருத்திக்குப் பெரியதாக இருந்தது.

வேலைக்கு மட்டும் போய் வந்தாள். நோயாளிகளோடு பேசுவாள், ஆனால் முன் மாதிரி பேச்சு ஊறவில்லை. தேறி வருகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, இவருக்கு எது ஞாபகம் வந்து யாரை இழக்கப் போகிறாரோ என்று தோன்றும். தோன்றக் கூடாது என்று அதட்டிக்கொள்வாள். கண் கலங்கினால் முகம் கழுவிக்கொண்டு வருவாள். அப்பா குணமானதற்கு அவள் வருத்தப்பட்டாளா என்று கேட்டால் இல்லை என்பாள். மறுபடி அப்படி ஒருவர் வந்தால் மறுபடி முதல் வரியைச் சொல்லிக் கொடுப்பாளா என்று கேட்டால், அதற்குச் சட்டென்று பதில் வராது.

அம்மாவின் வருஷம் முடிகிற நாளுக்காகக் காத்திருந்தாள். முடிந்தால் என்ன ஆகிவிடும், அவளுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது. இருந்தாலும் காத்திருந்தாள். வேன் அண்ணன் வந்தார். மூட்டையை இறக்கினார். கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"தண்டனை முடிஞ்சிடுச்சு" என்றார். "மன்றத்துல எழுப்பி நிக்க வெச்சு, இனிமே பேசலாம்னு சொன்னாங்க. உங்கம்மா வாயைத் தொறக்கல. வீட்டுக்கு வந்தும் தொறக்கல. உங்கப்பாவே கெஞ்சிப் பாத்தாரு. ஒரு சொல்லு வர்ல. மனுஷங்கிட்டயும் இல்ல, மத்ததுங்கிட்டயும் இல்ல. சமைக்கறாங்க, பெருக்கறாங்க. அவ்வளவுதான்."

வாயாடி பேச்சு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். உள்ளே டாக்டரம்மா ஒரு குழந்தைக்குப் படம் காட்டிச் சொல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது முடியும்வரை வாயாடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அடைப்பு ஒண்ணும் இல்ல, அடி ஒண்ணும் படல. நல்லா இருக்கறவங்க பேச்சை நிறுத்திட்டா, திரும்ப வருமா மேடம்?"

"வர வெக்கலாம். நாளாகும். பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருக்க ஆள் வேணும்" என்றாள் டாக்டரம்மா. "யாரு? கூட்டிட்டு வா, பாக்கலாம்."

"சரி மேடம்" என்றாள் வாயாடி.

எழுந்து பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். கம்பிகளுக்கு நடுவே யாரோ ஒருவர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.